இரண்டு இருக்கை விமானத்தில் இரண்டாவது ஆளுக்கு இடம் தேடிய கதை

இரண்டு இருக்கை விமானம் என்று எழுதியிருந்தால் அதில் இரண்டு பேர் பறக்கலாம் என்றுதான் யாரும் நினைப்போம். அந்த நம்பிக்கையில்தான் பல ஆண்டுகளின் மாலைப் பொழுதுகளையும் விடுமுறைகளையும் சேமிப்பின் பெரும்பகுதியையும் ஒரு சிறு விமானத்தில் கொட்டினேன். எல்லாம் முடித்து, பெயின்ட் அடித்து, தராசில் ஏற்றிய அன்றுதான் தெரிந்தது: நானும் என் மனைவியும் ஏறி அமர்ந்தால் எரிபொருளுக்கென்று மிஞ்சுவது 28 கிலோ. அதை வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்துக்கான கையிருப்பு போக, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறக்கலாம். கைப்பை ஒன்றைக் கூட எடுத்துச் செல்ல முடியாது. வீட்டிலேயே விமானம் கட்டுவதைப் பற்றி, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்கும் முறை முதல் பெயின்ட் வரை சொல்லித்தர எத்தனையோ பேர் இருந்தார்கள். இந்த எடைக் கணக்கை மட்டும் யாரும் என்னிடம் எடுத்துச் சொல்லவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் தொடக்கத்திலிருந்து கட்டவில்லை. ஒருவர் பாதி கட்டி, வேலையைத் தொடர முடியாமல் விட்டுவைத்திருந்த அலுமினிய விமானத்தை, வரைபடங்களோடு வாங்கினேன். இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமரும் வடிவம், தாழ்வான இறக்கை, மூக்குச் சக்கரம். ஆளும் எரிபொருளும் இல்லாத வெற்று எடை 300 கிலோ, அதிகபட்ச எடை 550 கிலோ என்று விவரக் குறிப்பு சொன்னது. 250 கிலோ ஏற்றலாம் என்றால் இரண்டு பேர், நிறைந்த டாங்க், ஒரு பெட்டி எல்லாம் தாராளமாக அடங்கும். மனைவிக்கு அந்தத் தாளைக் காட்டியபோது அவளுக்கும் மகிழ்ச்சி. அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் ஒற்றை இருக்கை வடிவங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தேன்.

இருக்கைகளை எங்கே வைப்பது என்பது வெறும் வசதி சார்ந்த விஷயம் என்று அப்போது நினைத்திருந்தேன். சிறு விமான வடிவமைப்பில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வியே அதுதான். ஒருவர் பின் ஒருவராக அமர வைத்தால் உடற்பகுதி ஒல்லியாகும், காற்றுத் தடை குறையும். ஆனால் இரண்டாவது ஆள் ஏறுவதும் இறங்குவதும் ஈர்ப்பு மையத்தை, அதாவது விமானத்தின் மொத்த எடையும் சமன்படும் புள்ளியை, முன்னும் பின்னும் நகர்த்தும். பழைய வடிவமைப்பாளர்கள் இதை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். 1929-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்ட ஏர் கேம்பர் விமானத்தில் விமானி பின்னால் அமர்வார். பயணி முன்னால், இறக்கைக்கு அடியில், ஈர்ப்பு மையத்தை ஒட்டி அமர்வார். பயணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமநிலை பெரிதாக மாறாது. 1975-இல் பர்ட் ரூட்டான் பறக்கவிட்ட வேரிஈஸியில் எஞ்சின் பின்னால், விமானி முன்னால், பயணி நடுவில். விமானி இறங்கிவிட்டால் அது பின்பாரமாகிவிடும் என்பதால், தரையில் நிற்கும்போது மூக்குச் சக்கரத்தை உள்ளே மடக்கி மூக்கை ஊன்றி நிறுத்துவார்கள். படத்தில் பார்க்கும் யாருக்கும் விமானம் குப்புற விழுந்துவிட்டதோ என்று தோன்றும்.

பக்கத்தில் பக்கத்தில் அமரும் வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். தாழ்வான இறக்கை உள்ள விமானத்தில் இறக்கையின் பிரதானச் சட்டம் உடற்பகுதியின் குறுக்கே போகிறது. இருக்கைகள் பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் அமைகின்றன. அதாவது இரண்டு பேருமே ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருக்கிறார்கள். இரண்டாவது ஆள் ஏறும்போது மையம் பின்னால் போகத்தான் செய்யும். பெட்டி வைக்கும் இடமோ அதற்கும் பின்னால். உங்கள் வரைபடத்தில் இருக்கை, டாங்க், பெட்டியிடம் மூன்றும் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன என்பதை முதல் நாளே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்த எண்கள்தான் பேசும்.

வாங்கி வந்த உடற்பகுதியை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கியதும் முதல் சங்கடம் வந்தது. ரிவெட்டுகள். கட்டைத்தலை ரிவெட் ஒன்றைச் சரியாக அடித்தால், உள்பக்கம் உருவாகும் தலையின் அகலம் ரிவெட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கும், உயரம் விட்டத்தில் பாதியும் இருக்க வேண்டும். 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு 4.8 அகலம், 1.6 உயரம். கையில் அளவுகோலுடன் விளக்கைச் சாய்த்துப் பிடித்து வரிசையாகப் பார்த்தேன். சில தலைகள் காசு போலத் தட்டையாகி, ஓரத்தில் மயிரிழைப் பிளவோடு இருந்தன. சில ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஒரு ரிவெட்டை எடுக்க வேண்டுமானால் வெளித்தலையின் நடுவில் புள்ளி குத்தி, துளைக்கருவியைத் தலையின் ஆழத்துக்கு மட்டும் இறக்கி, தலையை நெம்பி எடுத்து, உள்ளே மிஞ்சிய தண்டைப் பின்னால் தாங்கு கொடுத்துத் தட்டி வெளியேற்ற வேண்டும். கை ஒரு நூல் அசைந்தால் துளை முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் அடுத்த அளவு ரிவெட் போட வேண்டும். துளையின் மையத்துக்கும் தகட்டின் விளிம்புக்கும் இடையே குறைந்தது விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும் என்பது விதி. பெரிய ரிவெட்டுக்கு அந்த இடைவெளி போதாவிட்டால் மேலே ஒட்டுத்தகடு வைத்துத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு ஒட்டுத்தகடும் எடைதான். முந்தையவர் வைத்த ஒட்டுகள் ஏற்கெனவே பல இருந்தன.

ரிவெட் வேலையில் இருந்தபோதுதான் தகட்டின் விளிம்பை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. 0.63 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பக்கத்தகடு 0.81 காட்டியது. மெல்லிய தகடு கிடைக்கவில்லையோ, கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைத்தாரோ தெரியாது. இந்த வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு அரை கிலோ கூடுகிறது. உடற்பகுதி முழுவதும் கணக்கிட்டால் சில கிலோ. கெட்டியாக இருப்பது பாதுகாப்புதானே என்று பழகியவர் ஒருவர் ஆறுதல் சொன்னார். விமானத்தில் அப்படி இல்லை. தேவையில்லாத இடத்தில் கூட்டிய பலம் அங்கேயே சும்மா கிடக்கும். அதன் பாரத்தைச் சுமப்பது இறக்கையும் சக்கரக் கால்களும். பாதி கட்டிய விமானத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு மைக்ரோமீட்டரும், வரைபடத்தின் தகட்டுத் தடிமன் பட்டியலும் எடுத்துச் செல்லுங்கள். விற்பவரிடம் கட்டுமானப் பதிவேட்டையும் படங்களையும் கேளுங்கள். அமெரிக்காவில் இந்த வகை விமானத்தின் பெரும்பகுதியைத் தொழில்முறை அல்லாதவர்களே தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. பேச்சு வழக்கில் 51 சதவீத விதி என்பார்கள். யார் எதைக் கட்டினார் என்பதற்கு எழுத்தில் சான்று இல்லாத விமானத்தைப் பதிவு செய்யப் போகும்போது படும் பாடு தனிக் கதை. எனக்குக் கிடைத்தது ஒரு மெல்லிய நோட்டு மட்டும். அதில் இல்லாதவற்றை நிரூபிக்க நான் பிரித்துக் காட்டிய தகடுகளை மறுபடி மூடவே ஒரு பருவம் முழுக்கப் போனது.

அடுத்தது எஞ்சின். வடிவமைப்பாளர் 80 குதிரைத்திறன் எஞ்சினை மனத்தில் வைத்து வரைந்திருக்கிறார். முந்தையவர் 115 குதிரைத்திறன் உள்ள பழைய விமான எஞ்சினை வாங்கி, அதற்கான தாங்கியையும் வெல்டிங் செய்து முடித்திருந்தார். உறுதியான, நன்கு பராமரிக்கப்பட்ட எஞ்சின். திறன் கூடினால் ஏற்றம் வேகமாக இருக்கும் என்பது சரியே. ஆனால் எஞ்சின் மட்டும் கனமாவதில்லை. தாங்கி கனமாகிறது, உலோகப் புரொப்பெல்லர் வருகிறது, பெரிய பாட்டரி வருகிறது, மணிக்கு 23 லிட்டர் எரிபொருள் கேட்கிறது. மூக்கு கனத்ததைச் சமன் செய்ய முந்தையவர் 11 கிலோ ஈய பாட்டரியை வாலை நோக்கித் தள்ளி, பெட்டியிடத்துக்கும் பின்னால் வைத்திருந்தார். ஸ்டார்ட்டருக்கு அங்கிருந்து மூக்கு வரை தடித்த செம்புக் கம்பி போனது. அந்தக் கம்பியே இரண்டு கிலோ. முன்னால் கூடிய பாரத்துக்குப் பின்னால் ஒரு பாரம், அந்தப் பாரத்தை இணைக்க இன்னொரு பாரம். இப்படித்தான் எடை ஊறுகிறது.

தராசில் ஏற்றிய நாளைச் சொல்கிறேன். மூடிய ஹேங்கர், காற்று அசைவே கூடாது. டாங்கை முழுக்க வடித்து, பயன்படுத்த முடியாத அடிமட்ட எரிபொருளை மட்டும் விட்டு, எஞ்சின் எண்ணெயை நிறைத்து, மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு வைத்தேன். பறக்கும் நிலையில் விமானம் மட்டமாக இருக்க வேண்டும். மூக்குச் சக்கரத்தில் சிறிது காற்றை இறக்கி ரசமட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது அசைவு நின்று தரையைத் தொட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். அதுதான் பூஜ்ஜியம். மூன்று சக்கர அச்சுகளிலிருந்தும் அதே போல் குண்டு விட்டு, கோட்டிலிருந்து தூரம் அளந்தேன். மூக்குச் சக்கரம் 800 மில்லிமீட்டர் முன்னால், பிரதானச் சக்கரங்கள் 560 பின்னால். தராசுகள் காட்டியவை: மூக்கில் 89, இடப்பக்கம் 131, வலப்பக்கம் 132. கூட்டினால் 352 கிலோ. தராசில்தான் பிழை என்று நினைத்தேன். இடம் மாற்றி வைத்தேன், தெரிந்த எடையை ஏற்றிச் சோதித்தேன். மறுபடியும் அதே 352.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கோபமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை ஆண்டு உழைப்பும் ஒருவருக்கான விமானமாகவே முடிந்துவிட்டதே என்ற ஏமாற்றம் நெஞ்சை அடைத்தது. மனைவியிடம் எண்களைச் சொன்னேன். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு, “நான் ஏறினால் ஆபத்தா? அதை மட்டும் சொல்லுங்கள்” என்றாள். அதற்கு எடையை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. அந்த எடை எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

கணக்கு எளிதானதுதான், பள்ளிக்கூடக் கணக்கு. ஒவ்வொரு எடையையும் பூஜ்ஜியக் கோட்டிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். எல்லாத் திருப்புத்திறனையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம். முன்னால் இருப்பவற்றுக்கு மைனஸ் குறி. என் விமானத்தின் வெற்று நிலையில் மையம் 216 மில்லிமீட்டரில் விழுந்தது. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை இறக்கையின் அகலம் 1,300 மில்லிமீட்டர். பறக்கும் நிலைக்கு வடிவமைப்பாளர் அனுமதித்த எல்லை அதில் 18 முதல் 29 சதவீதம் வரை, அதாவது 234-இலிருந்து 377 மில்லிமீட்டர். முன் எல்லையைத் தாண்டினால் தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க, வாலில் உள்ள எலிவேட்டருக்குத் திறன் போதாது. பின் எல்லையைத் தாண்டினால் அதைவிட மோசம்: விமானம் தானாக நிலைக்குத் திரும்பும் குணத்தை இழக்கும், ஸ்டாலிலிருந்தும் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) சுழற்சியிலிருந்தும் மீளாமலே போகலாம். உடை, காலணி, ஹெட்செட் சேர்த்து ஆளுக்கு 85 கிலோ என்று வைத்து இருவரையும் 650 மில்லிமீட்டரில் அமர்த்தினேன். இறக்கை டாங்க் 250-இல், 28 கிலோ எரிபொருள். மொத்தம் 550 கிலோ, மையம் 352. எல்லைக்குள்தான். ஆனால் எரிபொருள் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருப்பதால், அது எரிய எரிய மையம் பின்னால் நகரும். 1,150 மில்லிமீட்டரில் உள்ள பெட்டியிடத்தில் 15 கிலோ வைத்து, எரிபொருள் தீரும் நிலையைக் கணக்கிட்டால் 379-க்கு மேல் வருகிறது. புறப்படும்போது சரியாக இருந்த விமானம், களைத்துத் தரையிறங்க வரும் நேரத்தில் எல்லை மீறியிருக்கும். ஆகவே புறப்பாட்டுக் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். டாங்க் காலியாகும் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

அதிகபட்ச எடையை 600 என்று எழுதிக்கொள், கட்டியவன் நீ, பல நாடுகளில் அந்த எண்ணை நீயே நிர்ணயிக்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. சட்டம் இடம் கொடுத்தாலும் உலோகம் கொடுக்காது. 550 கிலோவில் 3.8 மடங்கு புவியீர்ப்பைத் தாங்கும்படி வரையப்பட்ட இறக்கை, அதே சுமையை 600 கிலோவில் ஏறத்தாழ 3.5 மடங்கிலேயே எட்டிவிடும். அதற்கு மேல் இருக்கும் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு, பொருளின் குறையையும் கை வேலையின் குறையையும் ஈடுகட்ட வைத்தது. என் பெட்டிக்காக வைத்தது அல்ல. ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கேற்ப நாலு சதவீதம் கூடும். ஏறும் வேகம் அதைவிட அதிகமாக அடிபடும், ஏனென்றால் ஏற்றத்துக்குக் கிடைப்பது மட்டமாகப் பறக்கச் செலவானது போக மிஞ்சும் திறன் மட்டுமே. வெப்பமான நாளில், உயரமான ஓடுதளத்தில் அந்த மிச்சம் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். வேறு ஒருவர் கட்டிய விமானத்தின் ரிவெட்டுகளைக் கழற்றிப் பார்த்தவன் நான். அந்த எண்ணை உயர்த்த எனக்கு மனம் வரவில்லை.

இனி எடையைக் குறைப்பது ஒன்றே வழி. முதலில் நினைவுக்கு வந்தது புரொப்பெல்லர். உலோகத்துக்குப் பதில் கலவைப் பொருளால் ஆனதைப் போட்டால் 8 கிலோ குறையும். வாங்கிவிடலாம் என்று கை பரபரத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது திக்கென்றது. புரொப்பெல்லர் இருப்பது பூஜ்ஜியத்துக்கு 1,400 மில்லிமீட்டர் முன்னால். அங்கே 8 கிலோவை எடுப்பது, திருப்புத்திறனைப் பொறுத்தவரை, பெட்டியிடத்தில் பத்து கிலோ வைப்பதற்குச் சமம். எடை குறையும், மையம் பின்னால் ஓடும். சரி, பாட்டரியை மாற்றலாம் என்று பார்த்தால் அது நேர்மாறு. 4 கிலோ லித்தியம் பாட்டரியை வாங்கி எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடையே உள்ள நெருப்புத் தடுப்புச் சுவரின் இருக்கைப் பக்கம் வைத்தால், கம்பியோடு சேர்த்து 9 கிலோ குறைகிறது. ஆனால் வாலிலிருந்து பாரம் போனதால் வெற்று மையம் 134-க்கு முன்னேறிவிடுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் தனியாகப் பறந்தால் 211. முன் எல்லைக்கு வெளியே. ஒன்றை மட்டும் செய்தால் பின்பக்கம் கெடுகிறது, மற்றதை மட்டும் செய்தால் முன்பக்கம் கெடுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 335 கிலோ, வெற்று மையம் 171; ஒருவர் ஏறினாலும் இருவர் ஏறினாலும் மையம் எல்லைக்குள் நிற்கிறது. தாளில் அந்த எண் வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் நடந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு வந்த முதல் நல்ல சேதி அது. தடித்த மெத்தைகளையும் ஒலி தடுக்கும் விரிப்பையும் எடுத்ததில் இன்னும் 6 கிலோ. கடைசியில் 329.

ஆக இரண்டு பேர் ஏறிய பின் எரிபொருளுக்கு 51 கிலோ, ஏறத்தாழ 70 லிட்டர். கையிருப்பு போக இரண்டரை மணி நேரம். பெட்டி வேண்டுமானால் அந்த அளவுக்கு எரிபொருளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முன் எல்லையில் இடைவெளி மிகக் குறைவு: 60 கிலோ ஆள் தனியாக, டாங்க் காலியான நிலையில், 236-க்குச் சற்று மேல். அதனால் எடை குறைந்தவர் தனியாகப் பறக்கும்போது பெட்டியிடத்தில் 5 கிலோ கட்டி வைக்க வேண்டும் என்று ஏற்றுச்சுமைத் தாளில் எழுதிவைத்தேன். லித்தியம் பாட்டரி போடுகிறவர்கள் மின்னேற்ற அமைப்பு அதற்கு ஏற்றதா என்பதையும், மின்னழுத்தம் எகிறினால் துண்டிக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அறையின் வெப்பத்திலும் அதை வைக்காதீர்கள். இவ்வளவுக்கும் ஆன செலவு, விமானத்துக்கு நான் மொத்தமாகச் செலவழித்ததில் ஐந்தில் ஒரு பங்கு. நல்ல நிலையில் இருந்த புரொப்பெல்லரையும் பாட்டரியையும் கழற்றி, அடிமாட்டு விலைக்குத் தள்ளினேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை.

பாட்டரிக் கம்பியை உருவும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. எரிபொருள் வால்வின் கைப்பிடி இருக்கைக்குப் பின்னால், பெட்டியிடச் சுவரில் இருந்தது. குழாயைச் சுருக்க அப்படி வைத்திருக்க வேண்டும். இதைக் கண்டதும் எனக்கு 1997 அக்டோபர் 12 நினைவுக்கு வந்தது. பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் தன் லாங்-ஈஸி விமானத்தோடு விழுந்து இறந்த நாள். அந்த விமானமும் வேறொருவர் கட்டியது. கட்டியவர் வரைபடத்தில் இருந்த இடத்தை விட்டுவிட்டு, வால்வின் கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். டாங்க் மாற்ற உடம்பைத் திருப்பியபோது சுக்கான் மிதி தெரியாமல் அழுத்தப்பட்டு விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று அமெரிக்க விசாரணை வாரியம் முடிவு செய்தது. கைப்பிடியில் குறியீடு இல்லாததையும் அது குறிப்பிட்டது. நான் வால்வை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே முன்னால் கொண்டுவந்து, இடது, வலது, நிறுத்து என்று கையால் தொட்டே உணரும்படி நிறுத்தங்களோடு அமைத்தேன். பட்டை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, தோளைத் திருப்பாமல் டாங்கை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த விமானத்தைப் பறக்கவிடாதீர்கள்.

வால்வை மாற்றியதால் எரிபொருள் ஓட்டச் சோதனையை மறுபடி செய்தேன். மூக்கை, விமானம் அதிகபட்சச் சாய்வில் ஏறும்போது இருப்பதை விடச் சற்று அதிகக் கோணத்தில் தூக்கி நிறுத்தி, கார்புரேட்டரின் வாயில் குழாயைக் கழற்றி, அளவுப் பாத்திரத்தில் பிடித்து நேரம் பார்க்க வேண்டும். பம்ப் உள்ள அமைப்பு என்றால் முழுத்திறனில் எஞ்சின் கேட்பதில் 125 சதவீதமும், ஈர்ப்பு விசையால் மட்டும் இறங்குவது என்றால் 150 சதவீதமும் வர வேண்டும். டாங்கில் கொஞ்சமே இருக்கும்போதும் வருகிறதா என்று பார்ப்பது முக்கியம்.

முதல் பறப்புகளில் நான் மட்டும்தான் இருந்தேன். அமெரிக்க நடைமுறையில் இந்த வகை விமானங்களுக்குப் பொதுவாக 25 முதல் 40 மணி நேரச் சோதனைப் பறப்பு பயணியின்றி முடிய வேண்டும். அப்படிக் கட்டாயம் இல்லாத இடத்திலும் அதைப் பின்பற்றுவது நல்லது. இரண்டாவது ஆளின் எடையை மணல் மூட்டையாக இருக்கையில் ஏற்றிப் பட்டையால் இறுக்கி, 20 கிலோ 20 கிலோவாகக் கூட்டிக்கொண்டே போனேன். மூட்டை நழுவிக் கட்டுப்பாட்டுத் தடியில் விழாதபடி கட்டுவதற்குத் தனிக் கவனம் வேண்டும். மையம் பின்னால் போகப் போகத் தடியின் கனம் குறைவதைக் கையே உணர்கிறது. முன்பாரமாக இருக்கும்போது மூக்கைத் தூக்க மணிக்கட்டு இழுத்தது. முழுச் சுமையில் இரண்டு விரல் போதும். அந்த இலகு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே இலகுவில், தெரியாமல் தடியைக் கூடுதலாக இழுத்துவிடவும் முடியும். ஸ்டால் வேகத்தை ஒவ்வொரு சுமையிலும் போதிய உயரத்தில் சோதித்துக் குறித்துக்கொண்டேன். மையம் இறக்கை அகலத்தின் 25 சதவீதத்தில் இருக்கும்போது விமானம் எப்படி நடந்துகொள்கிறது என்று முழுக்கத் தெரிந்த பிறகுதான் மனைவியை ஏற்றினேன். அவள் கேட்ட கேள்விக்கு அதற்குள் என்னிடம் எண்ணோடு பதில் இருந்தது.

விவரக் குறிப்பில் இருந்த 300 கிலோ எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால், அதே வகையைப் பறக்கவிடும் ஒருவரிடமிருந்து அறிந்தேன். வடிவமைப்பாளர் கட்டிய முதல் விமானத்தின் எடை அது. பெயின்ட் இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை, கையால் சுழற்றி உயிர்ப்பிக்கும் சிறிய எஞ்சின். அது பொய்யான எண் இல்லை; யாரும் கட்டப்போகாத விமானத்தின் எண். அவருடையதும் அவருக்குத் தெரிந்த மற்றவையும் 325-இலிருந்து 345 வரை இருந்தன. ஆகவே வரைபடமோ கிட்டோ பாதி விமானமோ எதை வாங்கப் போனாலும், அதே வடிவத்தில் மற்றவர்கள் கட்டிப் பறக்கவிட்ட மூன்று நான்கு விமானங்களின் எடைத் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் என்ன எஞ்சின், என்ன புரொப்பெல்லர், பெயின்ட் அடித்த பிறகு எடுத்ததா முன்பு எடுத்ததா என்று பாருங்கள். அவற்றில் அதிகமாக உள்ள எடையை எடுத்து, உங்கள் இருவரின் உண்மையான எடையையும் நீங்கள் பறக்க நினைக்கும் தூரத்துக்கான எரிபொருளையும் கூட்டுங்கள். அதிகபட்ச எடைக்குள் வருகிறதா, டாங்க் காலியானாலும் மையம் எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், ஒரு சமையலறைத் தராசை வேலை மேசையிலேயே வைத்து, பொருத்தும் ஒவ்வொன்றையும் எடை போட்டு, தூரத்தோடு நோட்டில் எழுதி வாருங்கள். இப்போது நான் அடுத்த ஆண்டுப் பராமரிப்புக்காகப் பிரித்து வைத்திருக்கும் பாகங்களும் அப்படித்தான், கழற்றும்போது ஒரு தரம், மாட்டும்போது ஒரு தரம், தராசில் ஏறிவிட்டுத்தான் விமானத்துக்குப் போகின்றன.